ஆறாவது இன்னிங்ஸில் எழுந்து போனவர்

நிகானோர் ரெங்கெல் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஐஸ் செய்தார். கரூபானோ துறைமுகத்தில், படகுகள் கட்டும் இடத்துக்கு எதிரே அந்த ஆலை இருந்தது. தகர அச்சுகளில் தண்ணீர் நிரப்பி உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கினால் இருபது மணி நேரத்தில் அச்சுக்கு ஒரு ஐஸ் பார். கம்ப்ரசர் நின்றுவிட்டால் எல்லாம் தண்ணீர். கரையில் மத்தி நாற ஆரம்பிக்கும். படகுக்காரர்கள் வாசலில் வந்து நின்று தாயை இழுத்துத் திட்டுவார்கள். கம்ப்ரசரை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அதை ஓசையை வைத்தே செய்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காற்று துறைமுகப் பக்கமிருந்து வீசினால் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். ஓசை சரியாக இருந்தால் மறுபடி மெல்லுவார். மனைவி இறந்த பிறகு எதிரே உட்கார்ந்து அதைப் பார்க்க மகள் பெல்கிஸ் மட்டும்தான் இருந்தாள்.

வேலை போக அவருக்கு இருந்தது பேஸ்பால்.

ஊர் அணிக்கு மத்திக்காரர்கள் என்று பெயர். கிழக்குக் கரை லீக்கில் ஆறு அணிகள். மற்ற ஐந்தும் ஒரு முறையாவது கோப்பை வாங்கிவிட்டன. மத்திக்காரர்கள் வாங்கவில்லை. மத்தூரின் என்ற ஊர் அணியின் ஆட்கள் காலி மத்தி டப்பாக்களை நூலில் கோத்துக்கொண்டு வந்து ஆட்டுவார்கள். "எத்தனை வருஷம் ஆனாலும் உங்க எடம் டப்பாவுக்குள்ளதான்டா!" என்று கத்துவார்கள். பதிலுக்குக் கத்த எதுவும் இல்லாததால் கரூபானோக்காரர்கள் முரசைப் பலமாக அடிப்பார்கள். அடிப்பவர் தியோஃபிலோ லாரெஸ். வலை பின்னுகிறவர், பெல்கிஸின் ஞானத்தந்தை. அந்த முறையில் அவரும் நிகானோரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள் ஊரில் நடக்கும். ஆலையில் மூன்று ஷிஃப்ட். கெஞ்சி மாற்றிக்கொண்டாலும் ஒரு ஆட்டத்துக்குத்தான் போக முடியும். பேஸ்பாலில் பந்து எறிகிறவன்தான் பாதி ஆட்டம். ஒரு நாள் எறிந்தால் தோளுக்கு நாலைந்து நாள் ஓய்வு வேண்டும் என்பதால் ஒரே ஆள் எல்லா நாளும் எறிய முடியாது. எந்த அணி தன் சிறந்த பிட்சரை எந்த நாள் இறக்கப்போகிறது என்று பத்திரிகையில் முன்கூட்டியே வந்துவிடும். நிகானோர் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஷிஃப்ட் மாற்றுவார். எதிரணியின் சிறந்தவன் எறியும் நாளில் அவர் மைதானத்தில் இருப்பார்.

"சுமாரானவன் எறிஞ்சா நம்ம பசங்களே பாத்துக்குவாங்க," என்பார். "நல்லவன் எறியறப்பதான் அவங்களுக்கு ஆள் வேணும்."

கரூபானோவில் ராசி என்பது பெரிய விஷயம். வீட்டில் பிளாஸ்டிக் பூ வைக்க மாட்டார்கள், மயில்தோகை வைக்க மாட்டார்கள், கடல் சிப்பியில் செய்த விளக்கை யாராவது பரிசாகக் கொடுத்தால் வாசலிலேயே உடைத்துப் போடுவார்கள். மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. அவர்களை பவோசோ என்பார்கள். கால் வைத்த இடத்தில் ராசியைக் கெடுக்கிறவன். அந்தப் பேர் ஒருவன்மேல் ஒட்டிவிட்டால் கல்யாணத்துக்குக்கூடக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள்.

பெல்கிஸுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோற்றுவிட்டு வெளியே வந்து, தொமாசாவின் எம்பனாடா கடையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். குட்டிச்சுறாவை மாவில் வைத்து மடித்துப் பொரித்த எம்பனாடா. தியோஃபிலோ வாயில் அடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு கவனிச்சேன் கொம்பாத்ரே. நீங்க வந்தா தோக்குறோம்."

"நான் வராதப்ப மட்டும் கோப்பையா வாங்கறீங்க?"

"கோப்பை வாங்கல. ஆனா ஜெயிக்கறோம்."

"எத்தனை தடவை?"

"அது எவன் எண்ணினான்?"

"என் மக எண்ணுவா," என்றார் நிகானோர். "கணக்குல புலி அவ. எண்ணிக் காட்டினா இந்த எம்பனாடாவை எல்லாம் நீங்கதான் வாங்கித் தரணும்."

பெல்கிஸ் எண்ணினாள். அப்பா போன ஆட்டங்களின் டிக்கெட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. எல்லா ஆட்டங்களின் முடிவுகளும் நூலகத்துப் பத்திரிகைகளில் இருந்தன. ஆறு சீசன், ஊரில் நடந்த இருநூற்று நான்கு ஆட்டங்கள். அப்பா போனவை எழுபத்து நான்கு. அதில் வெற்றி இருபது. போகாதவை நூற்று முப்பது. அதில் வெற்றி அறுபத்தொன்பது. நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று. கோடு போட்டு, இரண்டு நிறத்தில் எழுதி, அடியில் பெயர் போட்டாள். இவ்வளவு சுத்தமாக ஒரு வித்தியாசம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது.

நிகானோர் அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவரே கொண்டுபோய் தொமாசாவின் கடைச் சுவரில் ஒட்டினார். "என் மக போட்டது," என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார். என்ன போட்டிருக்கிறது என்று ஒருவன் உற்றுப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்க்கும்போது, "ஆமாய்யா, அந்த ஆள் நான்தான்," என்பார்.

பவோசோ என்ற பேர் அப்படித்தான் ஒட்டியது.

அதற்குப் பிறகு அவருக்கு வரிசையின் கடைசி இருக்கை, வெளியே போகும் வழியை ஒட்டி. அவர் வந்தால் முன்வரிசைக்காரர்கள் மரப்பலகையைத் தட்டுவார்கள். எதிரணி ஒரு ரன் எடுத்தால் முப்பது தலை திரும்பும். "இன்னிக்கு ஒரு கண்ணாலதான் பாக்கறேன், பாதி ராசிதான் கெடும்," என்பார் அவர். சிரிப்பார்கள். போவதை நிறுத்தவில்லை. சிறந்தவன் எறியும் நாளாகப் பார்த்துப் போய்க்கொண்டேயிருந்தார்.

பெல்கிஸ் குமானாவுக்குப் படிக்கப் போனாள். கருவிப் பொறியியல். மூன்றாம் செமஸ்டரில் புள்ளியியல் வகுப்பில், ஒரு மருத்துவமனையில் அதிகம் பேர் சாகிறார்கள் என்பதால் அது மோசமான மருத்துவமனை ஆகிவிடாது, அங்கே எப்படிப்பட்ட நோயாளிகள் போகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார்.  அன்று மதியமே விடுதியில் பழைய பத்திரிகைக் குறிப்புகளோடு உட்கார்ந்து இருநூற்று நான்கு ஆட்டங்களையும் எதிரணி பிட்சரை வைத்துப் பிரித்தாள். சிறந்தவன் எறிந்த நாட்களில், அப்பா இருந்தாலும் ஐந்தில் ஒன்று வெற்றி, இல்லாவிட்டாலும் ஐந்தில் ஒன்று. மற்ற நாட்களில், இருந்தாலும் ஐந்தில் மூன்று, இல்லாவிட்டாலும் ஐந்தில் மூன்று. வித்தியாசம் இல்லை. கால் மணி நேர வேலை.

அவர் வந்ததால் அவர்கள் தோற்கவில்லை. தோற்கக்கூடிய ஆட்டமாகப் பார்த்து அவர் வந்தார். அவர் அதை வாயைத் திறந்து சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அவள்தான் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி போடவில்லை.

அந்தச் சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று ஊருக்கு வந்தாள். பஸ் நிலையத்திலேயே, ஆலைக்குப் புதிதாக வந்த ஒரு ஆளிடம் அப்பா அவளைக் காட்டினார். "இவதான் அந்த அட்டவணை போட்டவ. பதினஞ்சு வயசுல." அந்த ஆள் மரியாதையாகக் கை கொடுத்தான். அவள் சொல்லவில்லை. அடுத்த முறையும் சொல்லவில்லை. தான் போட்டது தப்பு என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அப்பா சிரித்துக்கொண்டுதானே இருக்கிறார், யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு சமாதானம் செய்துகொண்டாள். ஒன்பது ஆண்டுகள் அந்தச் சமாதானம் போதுமானதாக இருந்தது.

அணி தொடங்கிய முப்பத்தோராவது ஆண்டில் மத்திக்காரர்கள் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று அவர்களுக்கே புரியவில்லை. இரண்டு பேர் மீன் சந்தையில் கூடை தூக்குகிறவர்கள், ஒருவன் பள்ளிக்கூட வாத்தியார். மத்தூரினுக்கு எதிராக ஐந்து ஆட்டங்கள். ஆளுக்கு இரண்டு ஜெயித்து, ஐந்தாவது கரூபானோவில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. மத்தூரினுக்கு எறியப்போவது இடக்கை மலாவே. லீக்கிலேயே அவனைவிடச் சிறந்தவன் கிடையாது.

நிகானோர் ஷிஃப்ட் மாற்றக் கேட்டார். மாற்றிக்கொள்ள ஒருவனும் இல்லை. எல்லோருக்கும் மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவர் ஷிஃப்ட் மூன்றே முக்காலுக்கு முடிந்தது. ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். அப்போது ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸ். மத்திக்காரர்கள் மூன்று, மத்தூரின் பூஜ்யம்.

பெல்கிஸ் தியோஃபிலோவின் முரசுக் குழுவோடு உட்கார்ந்திருந்தாள். வேலை பார்க்கும் ஊரிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள். அப்பா வழியோரத்துக் கடைசி இருக்கையில் உட்காருவதைப் பார்த்துக் கையாட்டினாள். தொமாசா மால்ட்டா பானம் ஒரு பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு மிடறு குடித்திருப்பார். மத்தூரின்காரன் ஒருவன் அடித்த பந்து வலப்பக்கச் சுவரில் பட்டு உருண்டது. முன்பே ஓட நின்றவனும் அடித்தவனும் சுற்றி வந்துவிட்டார்கள். இரண்டு ரன். அடுத்தவனும் அடித்தான். அதற்கடுத்தவனை மத்திக்காரர்களின் பிட்சரே நான்கு பந்தைத் தவறாகப் போட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கவிட்டான். மூன்றுக்கு இரண்டு. ஒரே ஒரு அவுட். இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். மத்தூரின் பக்கம் டப்பாக்கள் ஆட ஆரம்பித்தன.

முரசு நின்றது.

"யாரு வந்திருக்கறது?" முன்வரிசையில் ஒருவன் திரும்பாமலே கேட்டான். "நிகானோரா?"

"நானேதான்."

"அதானே பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. தியோஃபிலோ முரசுக் குச்சிகளோடு எழுந்து வந்தார்.

"கொம்பாத்ரே, கோவிச்சுக்காதீங்க. முப்பத்தோரு வருஷம்."

"எனக்கும் முப்பத்தோரு வருஷம்தான்."

"அதனாலதான் கேக்கறேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி மூணு பூஜ்யம். வந்து பத்து நிமிஷம் ஆகல."

"நான் வேணா ரெண்டு கண்ணையும் மூடிக்கறேன்."

"விளையாடாதீங்க."

"அட, நெஜமாத்தான்யா. மூடிக்கறேன். சத்தம் கேட்டா போதும் எனக்கு."

பின்னாலிருந்து ஒரு பெண், "யாராச்சும் அந்த ஆளை வெளியில கூட்டிட்டுப் போங்களேன்!" என்று கத்தினாள். மைதானத்தில் பயிற்சியாளர் பிட்சரிடம் நடந்து போய்ப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருந்தது. நிகானோர் மகளைப் பார்த்தார். தியோஃபிலோவும் திரும்பினார்.

"மகளே, நீ சொல்லு. நீதான் படிச்சவ. அட்டவணை உன்னுது."

ஒரு வாக்கியம் போதும். அது தப்பான அட்டவணை, உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட மோசமான ஒன்றும் அவளுக்குள் இருந்தது. மலாவேயின் பந்தில் இன்னொரு ரன் எடுக்க இவர்களால் முடியாது, இந்த ஒரு ரன் வித்தியாசம் போனால் எல்லாம் போச்சு, அப்பா எழுந்து போனால்தான் என்ன, ஒருவேளை உதவினாலும் உதவலாம் என்று மனதின் ஒரு மூலை சொன்னது. கணக்கு தெரிந்தவளின் மனது.

"பப்பா," என்றாள், "கொஞ்ச நேரம் வெளியில இருங்களேன்."

நிகானோர் பாட்டிலை இருக்கைக்குக் கீழே வைத்தார். "நீ சொன்னா சரி," என்றார். பூட்ஸ் சிமெண்ட் படியில் தப்தப்பென்று இறங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதற்கும் ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்திருப்பார்.

அடுத்த பந்தில் இரண்டு அவுட். ஓடிக்கொண்டிருந்தவனும் போனான், அடித்தவனும் போனான். மொத்தம் மூன்று அவுட், மத்தூரினின் முறை முடிந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்தது. தியோஃபிலோ பெல்கிஸின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார்.

பிறகு மத்தூரின் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. மூன்றுக்கு இரண்டு. கோப்பை.

பெல்கிஸ் குதித்தாள், அழுதாள், முகம் தெரியாதவர்களைக் கட்டிக்கொண்டாள். மைதானத்துக்குள் இறங்கி, கூடை தூக்குகிறவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். யாரோ அவள் தலையில் பீரை ஊற்றினார்கள். அப்பாவின் நினைவு வந்தபோது மணியைப் பார்த்தாள். ஆட்டம் முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

வெளியே அவர் இல்லை. வாசலில் டிக்கெட் கிழிப்பவன் துறைமுகத்தைக் கை காட்டினான். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் ரேடியோ அலறிக்கொண்டிருந்திருக்கும். காதில் விழுந்தாலும் ராசி கெடும் என்று அவர் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். அலைத்தடுப்புச் சுவரின் நுனியில், ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மேலே ராக்கெட் வெடிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் நிமிரவில்லை. பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, கம்ப்ரசர் அறையில் வைத்துக்கொள்ளும் காதடைப்பான் இரண்டு காதிலும் இருந்தது. கண்ணையும் இறுக்கி மூடியிருந்தார்.

தோளைத் தொட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேட்கப் பயந்தார். அவள் ஒரு காதிலிருந்து அடைப்பானை எடுத்தாள்.

"ஜெயிச்சாச்சு பப்பா."

அவர் மற்றக் காதின் அடைப்பானைத் தானே எடுத்தார். பிறகு கேட்டார்: "நான் எழுந்து போனப்ப ஆறாவது இன்னிங்ஸ், ஒரு அவுட். இல்லையா?"

"ஆமா."

"அதுக்கப்புறம் எத்தனை ரன் விட்டாங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல பப்பா."

"பாத்தியா!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். "பாத்தியா, பாத்தியா!" சிரித்துக்கொண்டே அழுதார். அவளும் கூடச் சிரித்தாள். இனிமேல் சொல்லவே முடியாது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. அதுவரை சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு இருக்கை கிடைத்திருக்கும். இனிச் சொன்னால் அவரிடம் இருந்த ஒன்று பறிபோகும்.

மறுநாள் ஊர்வலத்தில், சதுக்கத்தில் வைத்து, தியோஃபிலோ அவர் கையைத் தூக்கிக் காட்டினார். "இந்த மனுஷன் எழுந்து போனாரே, அதனாலதான்யா நாம ஜெயிச்சோம்!" கைதட்டினார்கள். வீரர்களுக்குத் தட்டிய அளவுக்குத் தட்டினார்கள். நிகானோர் தொப்பியைக் கழற்றி நான்கு பக்கமும் காட்டினார். முந்தின நாள் மைதானத்தில் கோப்பையோடு அணி நிற்கும் படம், பின்னால் சனம், தொமாசாவின் கடையில் அட்டவணைக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. அதில் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள். பெல்கிஸ் இருக்கிறாள், தலை நனைந்து, வாயைப் பிளந்துகொண்டு.

அடுத்த சீசனில் அவர் ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. யாரும் சொல்லவில்லை, அவராகவே. "இந்த வருஷமும் ஜெயிக்கட்டுமே," என்றார். சிறந்தவன் எறியும் நாளில் வேண்டுமென்றே ஷிஃப்ட் போட்டுக்கொண்டார். மத்திக்காரர்கள் நான்காவதாக வந்தார்கள். அதற்கடுத்த சீசனில் ஐந்தாவது. அவர் வராமலேயே தோற்றார்கள். அதை யாரும் எண்ணவில்லை.

ஏப்ரலில் வயிற்று வலி என்றார். கணையத்தில் புற்று. டாக்டர் பெல்கிஸைத் தனியாகக் கூப்பிட்டு நான்கு மாதம் என்றார். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டாள், கம்ப்ரசர் கேட்கட்டும் என்று. அவர் நோயைப் பற்றிப் பேசவில்லை. அந்த இறுதிப் போட்டியைப் பற்றித்தான் கேட்டார்.

"கடைசி அவுட் எப்படி?"

"தரையோட ஒரு பந்து அடிச்சான். வாத்தியார் எடுத்தார். முதல் பேஸுக்கு எறிஞ்சார். அவுட்."

"நீ என்ன, மீட்டர் படிக்கறவ மாதிரி சொல்ற? வாத்தியார் எப்படி எடுத்தார்? குனிஞ்சா? ஓடி வந்தா?"

"குனிஞ்சு. ஒரு காலைப் பின்னால வச்சு."

"எந்தக் கால்?"

அவளுக்கு நினைவில்லை. வலது என்றாள். மறுநாள் மறுபடி கேட்டார். மறுபடி வலது என்றாள். இப்படி ஐம்பது தடவையாவது அந்த ஆட்டத்தைச் சொல்லியிருப்பாள். ஆறாவது இன்னிங்ஸ் வரும்போது மட்டும் அவரே சொல்வார். "அப்பதான் நான் எழுந்தேன்," என்பார்.

ஆகஸ்டில் ஒரு காலையில், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒண்ணு கேக்கறேன். மகளா சொல்லாத, இன்ஜினியரா சொல்லு."

"கேளுங்க."

"உன் அட்டவணை சரிதானே?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"சரிதான் பப்பா."

"கூட்டல்ல எங்கயும் தப்பில்லையே?"

"இல்ல."

கூட்டலில் தப்பில்லை. அது உண்மை.

"அப்ப சரி," என்று கையை விட்டார். "வீணா எழுந்து போயிருந்தேன்னா கஷ்டமா இருந்திருக்கும்."

பதினோரு நாள் கழித்து இறந்தார்.

பிற்பகல் நான்கு மணிக்கு அடக்கம். அதுவரை பெட்டி முன்னறையில் இருந்தது. முற்றத்தில் மேசை போட்டு டொமினோ ஆடினார்கள், சாவு வீட்டில் ஆடுவதுபோல் சத்தமில்லாமல், கட்டைகளை மெதுவாக வைத்து. தொமாசா காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் முரசுக் குழுவைச் சேர்ந்த எவர் இறந்தாலும் கல்லறைக்குப் போகும் வழியில் பெட்டியை மைதானத்துக்குள் கொண்டுபோய் ஒரு சுற்று சுற்றி வருவார்கள். காலையிலேயே தியோஃபிலோ வந்து பெல்கிஸிடம் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மைதானத்துக்குள்ள வேணாம்னு பாக்கறோம், மகளே. சுவத்துக்கு வெளியில சுத்திக்கலாம். சீசன் வருது பாரு. அவரும் அதைத்தான் விரும்புவார்."

பெல்கிஸ் தலையாட்டியிருந்தாள். அதையும் செய்திருந்தாள்.

மூன்று மணிக்கு தியோஃபிலோ மறுபடி வந்தார். கூட ரொசெந்தோ பதீன்யோ. முடிவெட்டுகிறவர், இரண்டு சீசனாகத்தான் குழுவில் இருக்கிறார். கையில் காப்பிக் கோப்பை.

"பேசற நேரமில்ல இது, தெரியும்," என்றார் தியோஃபிலோ. "ஆனா நீ நாளைக்குக் கெளம்பிடுவ. இவன் வந்ததுல இருந்து நமக்கு ஆகவே இல்ல. நாலாவது, அஞ்சாவது. இவனுக்கும் ஒரு அட்டவணை போட்டுக் குடுத்தீன்னா..."

"போடும்மா, போடு," என்றார் ரொசெந்தோ. "நம்மளும் கொஞ்சம் பேமஸ் ஆவோம்." சிரித்தார். சிரித்துவிட்டு, மற்றவர்களும் சிரிக்கிறார்களா என்று பார்த்தார். அந்தப் பார்வையைப் பெல்கிஸ் அதற்குமுன் கவனித்ததில்லை. அப்பா சிரித்தபோதெல்லாம் அவள் சிரிப்பை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"அந்த அட்டவணை தப்பு," என்றாள்.

"எது?"

"அப்பாவோடது. அவர் வந்ததால நாம தோக்கல. எதிராளியோட நல்ல பிட்சர் எறியற நாளாப் பாத்து வந்தார். அந்த நாள்ல அவர் இல்லாட்டியும் தோத்துக்கிட்டுத்தான் இருந்தோம். நான் அதைப் பிரிச்சுப் பாக்கல."

தன் குரல் உரக்கக் கேட்பது அவளுக்கே தெரிந்தது. டொமினோக் கட்டைகள் நின்றன.

"அப்ப அன்னிக்கு?" என்றார் தியோஃபிலோ.

"அன்னிக்கு அவர் உக்காந்திருந்தாலும் அந்தப் பந்து அங்கதான் போயிருக்கும்."

"சும்மாவா போனார் அவர்?"

"ஆமா."

தியோஃபிலோ பெட்டியைப் பார்த்தார், பிறகு அவளை. "இது உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"காலேஜ்ல. பதினோரு வருஷம் ஆச்சு."

"அப்ப, அன்னிக்கு நான் உன்னைக் கேட்டப்ப..."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வெளியில போகச் சொன்னியா?"

"ஆமா."

 "நான் வலை பின்னறவன், மகளே," என்றார் அவர். "எனக்கு என்ன தெரியும்."  தொமாசா காப்பித் தட்டோடு பெல்கிஸைத் தாண்டிப் போனாள், அவளிடம் நீட்டவில்லை. ரொசெந்தோ தன் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நான்கு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் இடப்பக்கம் தியோஃபிலோ. பெல்கிஸ் பின்னால் நடந்தாள். அவளுக்கு இரு பக்கமும் இடம் விட்டு நடந்தார்கள். மைதானச் சுவர் வந்ததும், வெளியே சுற்ற வேண்டிய இடத்தில், தியோஃபிலோ தோளை வலது பக்கம் திருப்பினார். மற்ற ஐவரும் திரும்பினார்கள். காவலாளி கதவைத் திறந்தான்.

முரசு அடிக்கவில்லை. மண்ணில் செருப்புச் சத்தம் மட்டும். ஒரு சுற்றுக்குப் பதில் நடுவில் கொண்டுபோய்ப் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

பெல்கிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்க முடியவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த ரொசெந்தோ அவளைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போனார்.